நான்கு புள்ளி, இரண்டு புள்ளி

பத்தொன்பது ஐம்பத்திரண்டுக்கு வடக்கில் ஏறும்.
ஒலுமடுக் குளக்கட்டில் நிற்கிறேன்,
கையில் மூன்றடி எஸ்லோன் பைப்.
அதில் குறுக்காகக் கட்டிய இரும்பு அளவுநாடா,
துருப்பிடித்ததென்று வேலைத்தலத்தில் வீசினது.
சுப்பர்வைசரிடம் கேட்டுத்தான் எடுத்தேன்.
வெட்டின விளிம்பு பெருவிரலைக் கிழித்த தழும்பு
இன்னும் இருக்கு.

போன கிழமை ஒரு சிவில் பாதுகாப்புக்காரன்
மோட்டார் சைக்கிளை நிறுத்திக் கேட்டான்:
"அக்கா, இது என்ன, மீன் முள்ளா?"
வானத்தில் ஒரு பெட்டி போகுது,
அது சொல்லுறதைக் கேட்கிறன் என்றேன்.
"என்ன சொல்லுது?"
இலக்கங்கள்.
"லொத்தரோ?"
ஹெட்போனை அவன் காதில் வைத்தேன்.
நுளம்பு என்றான். போய்விட்டான்.

பகலில் எனக்கு வேறொரு ஹெட்போன்.
அம்பகாமக் காட்டோரம், ஒரு மீற்றர் அகல ஒழுங்கை,
வட்டத் தலையை மண்ணுக்கு விரலளவு மேலே
ஆட்டி ஆட்டி முழங்காலில் நகர்கிறேன்.
சத்தம் வந்தால் நிற்க வேணும்.
நூறில் தொண்ணூற்றெட்டு ஆணி,
மீன் ரின் மூடி, சேலைப் பின்,
ஒருமுறை சைக்கிள் மணியின் கிண்ணம்.
மிச்ச இரண்டுக்காகத்தான் சம்பளம்.

இந்தப் பெட்டியை எழுபத்துநாலில் ஏவினார்கள்.
நான் பிறக்க இன்னும் பதினாலு வருசம் இருந்தது.
எண்பத்தொன்றில் பற்றரி செத்து வாய் மூடியது.
இருபத்தொரு வருசம் சும்மா சுற்றியது.
பிறகு, கண்டி வீதி திறந்த அந்த வருசம்,
செத்த பற்றரிக்குள் ஏதோ அறுந்து,
அறுந்ததால்தான்,
வெயில் படும் நேரம் மட்டும் பேசத் தொடங்கியது.
நிழலுக்குள் போனால் செத்துவிடும்.
வெளியே வந்தால்
முன்பு சொன்னது ஒன்றும் நினைவில்லாமல்
முதலிலிருந்து.
சேமிக்க இடமில்லை. அன்றாடங்காய்ச்சி.

ஐம்பத்து மூன்று. இரைச்சல் மட்டும்.

முதன்முதல் பிடித்த நாளைச் சொல்ல வெட்கம்.
தலைக்கு மேலால் போகையில் சுருதி இறங்கும்,
வரும்போது கூர், விலகும்போது தடிப்பு.
பள்ளிக்கூடப் புத்தகத்தில் அதற்கொரு பெயருண்டு,
பக்கத்தில் ரயில் படமும் போட்டிருக்கும்.
என் உடம்பு வேறு இடத்தில் படித்தது.
மெல்லத்தான் இறங்கியது. ஆனாலும்
நான் குளக்கட்டில் குப்புறக் கிடந்தேன்,
வாய்க்குள் மண், அன்ரனா தண்ணீருக்குள்.
காதுக்குள் அது தன்பாட்டுக்கு
நூறு, நூற்றியெழுபத்தாறு என்று போனது.

சுகந்தினிக்கு மட்டும் சொன்னேன்.
முதலில் சிரித்தாள். பிறகு,
"அடுத்தமுறை என்னையும் கூட்டிக்கொண்டு போ."
இரண்டு தரம் வந்தாள்.
இரண்டாம் தரம் நித்திரை.

இதோ.
இரைச்சலுக்கு அடியில் ஒரு நூல்.
பைப்பைச் சரிக்கிறேன், மணிக்கட்டைத் திருப்புகிறேன்,
நூல் தடிக்கிறது:
நான்கு புள்ளி, இரண்டு புள்ளி.
நான்கு புள்ளி, இரண்டு புள்ளி.
அது ஒரு கூப்பிடுதல், அவ்வளவுதான்,
படலையில் நின்று "இஞ்சேருங்கோ" என்கிற மாதிரி.
பிறகு இலக்கங்கள், வெப்பமும் மின்னோட்டமும்.
பாதி பிழை. உள்ளே இருக்கிற அளவிகள்
எப்போதோ பழுதாய்ப் போய்விட்டன.
பிழையென்று தெரியாமலே சொல்லிக்கொண்டு போகுது.
நானும் பிழையோடு எழுதுகிறேன்.

இங்கே இருட்டி ஒரு மணித்தியாலம்.
அங்கே அதுக்கு இன்னும் வெயில்.
குளத்துக்கு அப்பால் யாரோ ஆனைவெடி போட்டார்கள்,
நாய்கள் எல்லாம் குரைத்தன.
நான் அசையவில்லை. அசைந்தால் நூல் போய்விடும்.

பதில் அனுப்ப எனக்கு உரிமமும் இல்லை, கருவியும் இல்லை.
கேட்க மட்டும்தான்.
ஆனாலும் கூப்பிட்டால்
"ஓம்" என்று வாயில் வந்துவிடுகிறது.

இருபது பூச்சியம் எட்டு.
ஓர் இலக்கத்தின் நடுவில் அறுந்தது.
பாலை மரங்களுக்குப் பின்னால் போயிருக்கும்,
இல்லாவிட்டால் நிழல்.
அந்த இடத்தில் ஒரு கோடு இழுத்தேன்.
போனில் நாலு வீதம் சார்ஜ்.
காலை ஆறு மணிக்குப் பதின்மூன்றாம் ஒழுங்கை.